கேட்பவர் கடனும் சொல்பவர் கடனும்

வியாபாரம் செய்து பிழைக்கும் நமக்குக் கணக்குக் கேட்பவர்கள் பலர். வரி இலாகாக்காரர் கேட்கிறார். லைசென்ஸ் பார்க்க வருகிறவர் கேட்கிறார். சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி மாதக் கடைசியில் போன் செய்து கேட்கிறார். இவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் 2020-ஆம் ஆண்டில் புதிதாக ஒருவர் கேட்க வந்தார். அவர் கேட்டது பணக் கணக்கு அன்று, ஆள் கணக்கு. "இந்தப் பதினான்கு நாட்களில் எங்கெங்கே போனீர்கள்? யார் யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? எவ்வளவு நேரம்? அவர்களுடைய டெலிபோன் நம்பர் என்ன?" என்று சுகாதார இலாகாவின் விசாரணை ஊழியர் கேட்டார்.

நம் ஜனங்களில் சிலர் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். சிலர் பாதியைச் சொன்னார்கள். சிலர், "நான் எங்கும் போகவில்லை, யாரையும் பார்க்கவில்லை" என்று முடித்துக்கொண்டார்கள். அப்படி முடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். யோசிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. தமக்கு நஷ்டம் வராமல் இருக்கப் பொய் சொன்னவர்களை விட்டுவிடுவோம். அவர்களைப் பற்றித் தர்க்கம் செய்ய அதிகம் இல்லை. இன்னொருவருடைய கடையையும் மானத்தையும் காப்பாற்றுவதாக எண்ணி வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டல்லவா? அவர்கள் செய்தது நியாயமா? கேட்ட மாத்திரத்தில் பிறன் பெயரைச் சொல்லிவிடுவது தருமமா? இதுதான் நம் கேள்வி.

முடிந்துபோன விஷயத்தை இப்போது எதற்காகக் கிளற வேண்டும் என்று சகோதரர்கள் கேட்கலாம். காய்ச்சல் ஊரெல்லாம் பரவிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் ஆற அமர யோசிக்க யாருக்கும் நேரம் இராது. அடுத்த காய்ச்சல் வராது என்று எழுதிக்கொடுக்கவும் யாராலும் முடியாது. ஆகவே கடை வாசலில் நின்று பதற்றமாகப் பதில் சொல்ல வேண்டிய நாள் வருவதற்கு முன், உட்கார்ந்து பேசிவைப்பது நல்லது.

முதலில், அந்த ஊழியர் எதற்காகக் கேட்கிறார் என்பதை விளங்கிக்கொள்வோம். நம் கல்லாப்பெட்டியில் ஒரு கள்ள நோட்டு அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரமுள்ள போலீஸ்காரர் இரண்டு கேள்வி கேட்பார். "இது உமக்கு யாரிடமிருந்து வந்தது? இதே மாதிரி நோட்டை நீர் யாருக்காவது கொடுத்தீரா?" முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி. கிருமி விசாரணையும் இதுதான். யாருக்குக் கொடுத்தீர் என்று கண்டுபிடித்தால், அவர் இன்னும் நாலு பேருக்குக் கொடுப்பதற்குள் அவரை வீட்டில் இருத்தலாம். யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால், அதே இடத்தில் வாங்கிக்கொண்ட மற்றவர்களையும் பிடிக்கலாம். இரண்டாவது கேள்விதான் நமக்கு வீண் கேள்வியாகத் தோன்றுகிறது. "வந்தது வந்துவிட்டது, எங்கே வந்தால் என்ன?" என்கிறோம். ஆனால் சார்ஸ், கோவிட் போன்ற மூச்சுக் கிருமிகள் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலான நோயாளிகள் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. அல்லது ஒருவர் இருவருக்குக் கொடுக்கிறார்கள். மிகச் சிலர், நெருக்கமான கூட்டத்தில், மூடிய அறையில், பலருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அறை எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. கோவிட் கண்டவர், தமக்குக் காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முந்தியே பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த இரண்டு நாளும் அவர் கல்லாவில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆகவே நல்ல உடம்போடு இருந்த நாட்களின் கணக்கையும் கேட்கிறார்கள். இது நம்மைச் சந்தேகப்பட்டுக் கேட்பது அன்று.

கேட்பவருக்கே எது பயன்படும் என்று முன்கூட்டித் தெரியாது. மலாக்காவில் 2006-ஆம் ஆண்டில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சலும் மூச்சுத் தொல்லையும் கண்டன. ஒரு வாரம் பொறுத்து அவர் குடும்பத்தில் வேறு இருவருக்கும் அதே மாதிரி வந்தது. டாக்டர் சுவா கௌ பிங் முதலிய ஆராய்ச்சியாளர்கள் துருவி விசாரித்தபோது, அவருக்கு நோய் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன் வீட்டுக்குள் ஒரு வௌவால் வந்தது என்ற செய்தி கிடைத்தது. கிருமியை ஆராய்ந்தபோது அது வௌவாலைச் சேர்ந்த புதிய கிருமி என்று தெரிந்தது. அதற்கு மலாக்கா வைரஸ் என்று பெயர் வைத்து 2007-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். காஹாங்கிலிருந்து நேர் ரோட்டில் போனால் மெர்சிங். அங்கே படகு ஏறினால் தியோமான் தீவு. அந்தத் தீவில் எடுத்து வைத்திருந்த 109 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில் 14 பேருக்கு இந்த வகைக் கிருமி முன்பே தீண்டிய அடையாளம் இருந்தது. வீட்டுக்குள் வௌவால் வந்ததை டாக்டரிடம் போய்ச் சொல்ல யாருக்குத் தோன்றும்? ஆனால் அந்தக் குடும்பம் சொல்லிற்று. சொன்னதனால் ஒரு கதவு திறந்தது.

நம்மவர்களுக்கு நினைவூட்ட வேண்டிய பழைய சம்பவம் ஒன்றும் உண்டு. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்ந்த ஒரு கப்பலில் பலருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ஆசிய இன்புளுவென்சா இந்தியாவுக்குள் நுழைந்த வழி அதுவே. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அந்தக் கிருமியை ஆராய்ந்தார்கள். ரஜூலா கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து ஊருக்குப் போன நம் தகப்பன்மார்களுக்கு, அந்த நெருக்கத்தில் காய்ச்சல் எப்படிப் பரவும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கப்பலில் ஏறியவர்களுக்குப் பெயர் ஜாபிதா இருந்தது. இறங்கிய பிறகு அவர்கள் எந்த ரயிலில், எந்த ஊருக்குப் போனார்கள் என்பதற்கு ஜாபிதா ஏது? சில வாரங்களுக்குள் காய்ச்சல் நாடு முழுதும் போய்விட்டது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த தப்லீக் இஜ்திமாவில் ஏறக்குறைய 16,000 பேர் கூடினார்கள். பல தேசத்தவர் வந்தார்கள். நல்ல எண்ணத்தோடு கூடிய கூட்டம். அந்த நாளில் இப்படி ஆகும் என்று சர்க்காருக்கும் தெரியாது, வந்தவர்களுக்கும் தெரியாது. மார்ச் 17 அன்று இந்த நாட்டின் முதல் இரண்டு கோவிட் மரணங்கள் நிகழ்ந்தன. ஒருவர் கூச்சிங்கில் கிறிஸ்தவப் போதகர். மற்றவர் ஜொகூர் பாருவில் இறந்த முப்பத்து நான்கு வயது இளைஞர்; இஜ்திமாவுக்குப் போய் வந்தவர். ஒரே நாளில் சர்ச்சுக்காரர் ஒருவரும் பள்ளிவாசல்காரர் ஒருவரும். மார்க்கம் பார்த்து வருகிற நோய் அன்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

அதே மார்ச் 27 முதல், நம் குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கத்தில் இரண்டு குடியிருப்புகளைச் சுற்றி முள்கம்பி போட்டு அடைத்தார்கள். கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜீத், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜீத் என்பவை அவை. அறுபத்தொரு பேருக்கு நோய் கண்டதால் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வீட்டுக்குள் அடைபட்டார்கள். இந்த நாட்டில் அப்படி ஊரையே அடைத்தது அதுதான் முதல் தடவை. காஹாங் அதே மாவட்டத்தின் வேறு மூலையில் இருக்கிறது. நம் கடைக்கு வரும் சரக்கு லாரி குளுவாங் வழியாகத்தான் வரவேண்டும். அந்த நாட்களில் லாரிக்காரரிடம் அரிசி மூட்டையை வாங்கும்போது இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

ஊர் அடைபட்ட பிறகு விசாரணையின் பயன் நமக்கு நன்றாகவே விளங்கிற்று. யார் யாரைத் தொட்டார் என்ற கணக்குச் சரியாகக் கிடைத்தால் இருபது பேரை வீட்டில் இருத்தினால் போதும். கணக்குக் கிடைக்காவிட்டால் மூவாயிரம் பேரை அடைக்க வேண்டியதாகிறது. சொல்லாமல் மறைத்த பத்துப் பெயருக்கு வட்டியும் முதலுமாக ஊர் முழுவதும் கட்டுகிறது. கட்டுபவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்.

ஸ்ரீ பெட்டாலிங் தொடரில் கடைசியில் 42,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். 3,375 பேருக்கு நோய் இருந்தது. 34 பேர் இறந்தார்கள். ஜூலை 8 அன்றுதான் அந்தத் தொடர் முடிந்தது என்று சுகாதார இலாகாவின் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா அறிவித்தார். ஆரம்பத்தில் இஜ்திமாவுக்குப் போனவர்களில் பலர் தாமாக முன்வரவில்லை. ஏன் வரவில்லை? வந்தவர்களை ஜனங்கள் பேசிய பேச்சு அப்படி.

இப்போது மறைப்பவருடைய நியாயத்தைக் கேட்போம். அவர் மூன்று காரணம் சொல்வார்.

ஒன்று, "பிறரைப் பற்றிப் பேசுவது கீபத், புறம் பேசுதல். மதரஸாவில் அப்படித்தான் ஓதிக்கொடுத்தார்கள்" என்பார். நாமும் அதே மதரஸாவில்தான் ஓதினோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கீபத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருக்கிறார்களோ, அவ்வளவு தெளிவாக, எந்த இடங்களில் சொல்வதற்கு அனுமதி உண்டு என்பதையும் எழுதியிருக்கிறார்கள். பிறருக்கு வரும் தீங்கை எச்சரிப்பது அந்த இடங்களில் ஒன்று. அதிலும், ஒருவருக்கு நோய் தொற்றியிருக்கலாம் என்று சொல்வது அவருடைய குற்றத்தைச் சொல்வதே அன்று. நோய் குற்றமா? நோயைக் குற்றமாக எண்ணியவர் நாம்தான். எண்ணிவிட்டு, அதைச் சொன்னால் கீபத் ஆகிவிடும் என்று பயப்படுகிறோம்.

இரண்டாவது, "எல்லாம் தக்தீர். வருவது வரும். கேட்பதும் சொல்வதும் எதற்கு?" என்பார். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், ஸர்க் என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டார்கள். திரும்பிவிட முடிவு செய்தபோது அபூஉபைதா (ரலி) அவர்கள், இது விதியைவிட்டு ஓடுவதாகாதா என்று வினவினார்கள். மேய்ச்சலுக்கு ஒட்டகத்தை ஓட்டுபவன் வறண்ட சரிவை விட்டுப் பசுமையான சரிவுக்கு ஓட்டினாலும் இரண்டும் இறைவன் விதித்தவைதாமே என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் கூறினார்கள். இந்தச் சம்பவத்தை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு சங்கதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. உமர் (ரலி) முதலில் முஹாஜிர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். பிறகு அன்சாரிகளைக் கேட்டார்கள். பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். அப்போது அங்கே இல்லாமல் வேறு வேலையாகப் போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) திரும்பி வந்து, இதைப் பற்றித் தமக்குத் தெரியும் என்று சொல்லி, நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், நோய் கண்ட ஊரில் இருந்தால் அதைவிட்டு ஓடாதீர்கள் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை அறிவித்தார்கள். தமக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அவரும் ஒரு பெரிய வியாபாரிதான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மூன்றாவது காரணம்தான் கனமானது. "உண்மை என்னுடையது, நஷ்டம் அவருடையது. நான் பெயரைச் சொன்னால் அவர் கடைக்குப் பூட்டு. என் உத்தமத்தனத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்பார். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. நாம் ஒருவருடைய கடன் கணக்கை இன்னொருவருக்குக் காட்டுவோமா? கடன் நோட்டில் இருப்பது அமானத். கேட்டவர் எவரானாலும் மூடித்தான் வைப்போம்.

ஆனால் சற்று நின்று பாருங்கள். கடன் நோட்டை மூடி வைத்தால் கடன்காரருக்கு நன்மை. நோய்க் கணக்கை மூடி வைத்தால் யாருக்கு நன்மை? அவருடைய கடை பதினான்கு நாள் திறந்திருக்கும். அவ்வளவுதான். அந்தக் கடையின் மாடியில் எண்பது வயதுத் தாயார் படுத்திருக்கலாம். நீரிழிவுக்கார மனைவி இருக்கலாம். தமக்குத் தொற்றியிருக்கலாம் என்று தெரிந்திருந்தால் அவர் மாடி ஏறாமல் கடையிலேயே படுத்திருப்பார். அந்தத் தகவலை நாம் மறைத்துவிட்டோம். கடை வருமானத்தை ஒரு தட்டிலும் தாயாருடைய உயிரை மறு தட்டிலும் வைத்து, அவரைக் கேட்காமல், அவர் சார்பில் நாமே நிறுத்துவிட்டோம். இந்தத் தராசை நம் கையில் கொடுத்தவர் யார்? அவரையே கேட்டிருந்தால் எந்தத் தட்டைத் தேர்ந்திருப்பார்? நஷ்டம் அவருடையது என்பது மெய். அதனாலேயே முடிவு செய்யும் ஹக்கும் அவருடையது; நம்முடையது அன்று. ஆகவே சொல்லிவிடுவதுதான் கடமை என்பது நம் அபிப்பிராயம். ஊழியருக்குச் சொல்வதற்கு முன்னோ பின்னோ, அவருக்கும் நாமே போன் செய்து, "பாய், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அம்மாவைத் தனியே வையுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். மறைவில் சொன்னால்தான் காட்டிக்கொடுத்தது போல ஆகும்.

இவ்வளவும் சொல்பவர் கடன். கேட்பவருக்குக் கடன் இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை சர்க்கார் நோட்டீஸ் ஆகிவிடும்.

கெடாவில் உணவகம் நடத்திய ஒருவர், நம்மவர், 2020 ஜூலையில் தமிழ்நாடு போய்த் திரும்பினார். முதல் சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. பதினான்கு நாள் வீட்டில் இருக்கும்படி உத்தரவு. அவர் இருக்கவில்லை, கடைக்குப் போனார். அந்தத் தொடரில் நாற்பத்தைந்து பேருக்கு நோய் கண்டது. ஆகஸ்ட் 13 அன்று கோர்ட்டில் ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தார்கள். உத்தரவை மீறியது தவறு. அதற்குக் கோர்ட் இருக்கிறது, கோர்ட் பார்த்துக்கொண்டது. நாம் பேச வருவது வேறு. அந்தத் தொடருக்கு "சிவகங்கை" என்று பெயர் வைத்தார்கள். டெலிவிஷனில் தினமும் அந்தப் பெயர். சிவகங்கைச் சீமையிலிருந்து, இளையான்குடியிலிருந்து, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்து கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! அந்த மண்ணை ஆயுளில் மிதிக்காத பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலும் டெலிபோனிலும் பேச்சுக் கேட்டார்கள். ஒரு மனிதர் செய்ததற்கு ஒரு ஜில்லா பதில் சொன்னது.

ஊர்ப் பெயரை நோய்க்கு ஒட்டுவது புதிதன்று. 1998-99-இல் நெகிரி செம்பிலானில் பன்றிப் பண்ணைக்காரர்களைக் கொன்ற நோயை முதலில் கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே சொன்ன அதே டாக்டர் சுவாதான் அது வேறு கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்ததால் அதற்கு நிப்பா என்று பெயராயிற்று. இன்று கேரளத்தில் அந்த நோய் வந்தாலும் நம் நாட்டுச் சின்னக் கிராமத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல், நோய்களுக்கு ஊர், ஜனக்கூட்டம், தொழில் இவற்றின் பெயரை வைக்காதீர்கள் என்று யோசனை சொல்லிற்று. தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில், டில்லி நிஜாமுத்தீன் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களைப் பற்றிய தினசரி அறிக்கையில் கூட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு, "ஒரே மூலம்" என்ற பொருளில் பொதுவாக ஒரு பெயரைப் போட்டார்கள். வசவு அதனால் முழுதும் நின்றுவிடவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பெயரைத் திட்டாக மாற்றினால் அடுத்த மனிதர் கதவைத் திறக்க மாட்டார் என்பதை அவர்கள் விளங்கியிருந்தார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நடந்ததையும் பாருங்கள். யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று குறித்துக்கொள்ளும் 'டிரேஸ் டுகெதர்' கருவியைக் கொண்டுவந்தபோது, இது தொற்று விசாரணைக்கு மட்டுமே என்றார் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். 2021 ஜனவரியில் பார்லிமெண்டில், குற்ற வழக்குகளுக்காகப் போலீஸும் அந்தக் கணக்கைப் பெறலாம் என்ற செய்தி வெளிவந்தது. ஒரு கொலை வழக்கில் பார்த்தும் இருந்தார்கள். கொலைகாரனைப் பிடிப்பது நல்ல காரியம் அல்லவா என்று கேட்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றுக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவழித்தால் அந்த வேறொன்று நல்ல காரியமாக இருந்தாலும் அமானத் முறிந்ததுதானே? பள்ளிவாசல் கட்ட வசூலித்த பணத்தில் பாலம் கட்டினால் ஜமாஅத்தார் சும்மா இருப்பார்களா? அமைச்சர் பொறுப்பை ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் சட்டம் இயற்றி, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று எல்லை போட்டார்கள். தவறைப் பகிரங்கமாகப் பேசித் திருத்தியது மெச்சத்தக்கது. முதலிலேயே எல்லை போட்டிருந்தால் இன்னும் மெச்சியிருப்போம்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான சம்பவம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நடந்தது. நம் சங்கத்தார் பாதிப் பேருக்கு அங்கே கொள்முதல் உண்டு. 2020 ஏப்ரலில் அங்கே சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டிடங்களை அடைத்து உள்ளே இருந்தவர்களைச் சோதித்தார்கள். பர்மிட் இல்லாதவர்களும் பயமின்றிச் சோதனைக்கு வரலாம், பிடிக்க மாட்டோம் என்று அதற்கு முன் சர்க்கார் தரப்பில் சொல்லியிருந்தார்கள். மே 1 அன்று அந்த வட்டாரத்திலேயே ஐந்நூறு பேருக்கு மேல் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இப்படிச் செய்தால் இவர்கள் ஒளிந்துகொள்வார்கள், நோய் இன்னும் பரவும் என்று ஐக்கிய நாடுகள் சபையார் சொன்னார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி புக்கிட் ஜாலில் குடிநுழைவுத் தடுப்பு முகாமில் முப்பத்தைந்து பேருக்கு நோய் கண்டதாக அறிவிப்பு வந்தது. பிற்பாடு அது நூற்றுக்கணக்காயிற்று.

பர்மிட் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இப்போது நம் கேள்விக்கு வாருங்கள். உங்கள் கடை மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன் ஒரு தோட்டத்து ஒப்பந்தக் கூலி. கையில் பர்மிட் இல்லை. உங்களுக்கு நோய் கண்டுவிட்டது. ஊழியர் கேட்கிறார். பெயரைச் சொன்னால் அவனுக்கு வருவது பதினான்கு நாள் வீட்டிருப்பு அன்று, விலங்கு. சொல்லாவிட்டால் அவன் படுத்திருக்கும் கொங்சி வீட்டில் இன்னும் இருபது பேர் ஒரே கூரையின் கீழ் மூச்சு விடுகிறார்கள். மேலே நாம் அடுக்கிய நியாயம் இங்கே நொண்டுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கேட்பவர் கை சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தானே சொல்பவர் கடமையை வைத்தோம்?

நம் புத்திக்கு எட்டியது இது. அவனை மறைப்பதும் சரியன்று. அவனுக்குத் தெரியாமல் சொல்வதும் சரியன்று. முதலில் அவனிடம் சொல்லியனுப்ப வேண்டும். நோயை விளக்க வேண்டும். அவனை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியைக் கூப்பிட்டு, "உன் லாபத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய், இப்போது நீதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும்" என்று கேட்க வேண்டும். முதலாளி நழுவினால் ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் கூடப் போய் நிற்க வேண்டும். பெரிய மனிதர்கள் இருவர் உடன் நிற்கும் இடத்தில் அதிகாரிகளின் பேச்சு மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். இவ்வளவு செய்தும் அவனுக்குத் தீங்கு வரலாம். வந்தால் அதன் பாரம் வாக்குக் கொடுத்து மீறியவர் மேல் இருக்கும். ஆனாலும் இரவில் நமக்குத் தூக்கம் வராது. இதற்கு மேல் தெளிவான பதில் நம்மிடம் இல்லை. ஆலிம்கள் யாராவது இந்தப் பக்கங்களில் எழுதினால் நன்றாக இருக்கும்.

பெரிய இடங்களை மட்டும் குறை சொல்லிப் போவதும் சரியாகாது. 2020 மே மாதத்தில் கடைகளை மெள்ளத் திறக்கவிட்டபோது, ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னார்கள் அல்லவா? வருகிறவர் பெயர், டெலிபோன் நம்பர், நேரம். அன்றைக்கு நாம் ஒவ்வொருவரும் சுகாதார இலாகாவின் சம்பளமில்லாத குமாஸ்தா ஆனோம். கேட்பவர் கடன் நம் தலைக்கும் வந்தது. எத்தனை கடைகளில் அந்த நோட்டு ஐந்தடியில் திறந்தபடி கிடந்தது! அடுத்து எழுத வந்தவர் மேலே உள்ள இருபது பெயரையும் படித்துவிட்டுத்தான் எழுதினார். நம் கடையில் ஒரு வாலிபன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் வெகுநேரம் நின்றான். சற்று முன் வந்து போன ஒரு பெண் பிள்ளையின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டிருந்தான். நோட்டை மூடி வாங்கிக்கொண்டோம். அன்று முதல் ஒரு அட்டையில் ஒரு வரி அளவுக்குத் துவாரம் வெட்டி, அதை மேலே வைத்துத்தான் எழுதச் சொன்னோம். அதன் பிறகு பூஜ்யமாகவே நிரப்பிய நம்பர்கள் குறைந்தன. "ராஜா" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் ஒரு பெரியவர்கூட ஒரு நாள் தம் முழுப் பெயரையும் எழுதினார். அட்டை வாங்கியது ஒரு பிஸ்கட் பெட்டியிலிருந்து, செலவு இல்லை.

பிற்பாடு எல்லாம் மைசெஜாத்ராவுக்கு மாறி, போனைக் காட்டி நுழைவதாயிற்று. 2022 மே 1 முதல் அதுவும் பெரும்பாலான கடைகளுக்கு வேண்டாம் என்று ஆயிற்று. ஆனால் பழைய நோட்டுகள் பல கடைகளின் பின்கட்டில் இன்னும் கிடக்கின்றன. நம் கடையில் நான்கு நோட்டுகள் இருந்தன. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "நல்ல தாளாக இருக்கிறது, நெத்திலி மடிக்க ஆகும், வீணாக்காதீர்கள்" என்றார். கடைப் பையனிடம் மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லி, பின்பக்கம் வாய்க்கால் ஓரத்தில் வைத்து, நான்கையும் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டுக் கொளுத்தினோம். அட்டை தடிமனானதால் கடைசியில்தான் எரிந்தது.